மூன்றாவது காலில் ஒரு பசைத் துளி

மேடம், உங்கள் வரைவு அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரு சிறிய பிழை இருக்கிறது. அதைத் திருத்தித் தந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். டீ வேண்டாம் என்று சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சூரமங்கலத்தில் பஸ் ஏறும்போதே குடித்துவிட்டேன்.

"சைலோவின் கால்களில் ஒட்டப்பட்டிருந்த கண்ணாடி இழைக் கருவி, மூன்றாவது காலின் வளைவைக் காட்டத் தவறியது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. கருவி காட்டியது. ஆறு வாரமாகக் காட்டிக்கொண்டே இருந்தது. மற்ற பக்கங்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. "சேவியர்ராஜ், வயது முப்பத்தொன்று, ஆய்வு மாணவர், விசாரணைக்கு முழு ஒத்துழைப்புக் கொடுத்தார்" என்ற வரிகூட இதுவரைக்கும் உண்மைதான்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று போன தடவை நீங்கள் கேட்டபோது என்னோடு ஆய்வு செய்யும் நவநீதகிருஷ்ணன் பதில் சொன்னான். அவன் நன்றாகப் பேசுவான். ஆனால் செய்தவன் சொல்வது வேறு மாதிரி இருக்கும். தலைமுடி அளவுக்கு ஒரு கண்ணாடி நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே புற ஊதா ஒளியால் கோடு எழுதுவோம். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் பதினெட்டாயிரம் கோடுகளுக்கு மேல். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதற்கு கிரேட்டிங் என்று பெயர். அந்த நூல் வழியாக எத்தனை நிறத்தில் ஒளி அனுப்பினாலும், ஒரே ஒரு நிறத்தை மட்டும் அது திருப்பி அனுப்பும். மீதியைப் போகவிட்டுவிடும். நூலை ஒரு இரும்புக் காலில் ஒட்டிவிட்டால், இரும்பு இழுபடும்போது நூலும் இழுபடும், கோடுகளுக்கு நடுவே இடைவெளி மாறும், திரும்பி வருகிற நிறமும் கொஞ்சம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் இரும்பு என்ன பாடு படுகிறது என்று தெரிந்துவிடும். இரும்பு வாய் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒளியைத் தருகிற ஃபைபர் லேசர் என் கையால் செய்தது. எர்பியம் என்ற அரிய உலோகம் கலந்த நான்கு மீட்டர் இழையை வளையமாகச் சுற்றி, சுற்றுக்குள் சுற்றாக ஒளியை ஓடவிட்டு, அது தானாகவே எரிய ஆரம்பிக்கும் வரைக்கும் இரண்டரை வருடம் ஆனது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஒரு மஞ்சள் அட்டையை அதன் முன்னால் பிடித்தால் சின்னதாக ஒரு பச்சைப் பொட்டு தெரியும். முதன்முதலாக அந்தப் பொட்டு விழுந்தபோது நான் வெகுநேரம் அட்டையை எடுக்கவே இல்லை. நவநீதன்தான் என் தோளைத் தட்டி, "போதும்டா, அட்ட கருகிடப்போகுது" என்றான். கருகாது. அந்த அளவுக்குச் சக்தி கிடையாது. அவனுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். ஒரே வழிகாட்டி, ஜன்னல் இல்லாத ஒரே அறை. கல்லூரி சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. லாரி போகும்போதெல்லாம் மேசையில் அதிர்வு வரும், நாங்கள் அதைக் கழித்துத்தான் அளவு எடுப்போம். நான் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக அறைக்கு வந்துவிடுவேன். அவன் திங்கள்கிழமை வீட்டிலிருந்து இரண்டு டிபன் கேரியர் கொண்டுவருவான். ஒன்று எனக்கு. ஆறு வருடம் அப்படித்தான். அவன் அம்மா ராமாயி செய்து அனுப்பும் கோழி வறுவலில் காரம் ஜாஸ்தி என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு, அடுத்த வாரத்திலிருந்து என் கேரியரில் மட்டும் காரம் குறைந்திருந்தது. அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் எதுவும் குறையாகச் சொல்லிவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜேடர்பாளையத்தில் அவர்களுக்குக் கோழிப்பண்ணையும் அதற்குத் தீவனம் அரைக்கும் மில்லும் இருக்கின்றன. மக்காச்சோளம் கொட்டிவைக்க ஆறு கால் போட்ட இரும்பு சைலோ. கால்களின் அடியில் ஒரு குழி, அதில் சோளத்தை மில்லுக்கு இழுத்துப்போகும் கன்வேயர். மூன்றாவது காலின் அஸ்திவாரத்தில் தண்ணீர் இறங்கி ஒரு தடவை சரிசெய்திருந்தார்கள். அதனால் நவநீதனின் அப்பா செங்கோட்டையன் அதைப் பாதிக்கு மேல் நிரப்பப் பயந்தார். பரிசோதனைக்கு எங்களுக்கு ஒரு பெரிய இரும்புக் கட்டுமானம் வேண்டியிருந்தது, அவருக்கு அந்தக் காலைப் பார்த்துக்கொள்ள ஒரு கண் வேண்டியிருந்தது. இப்படித்தான் சைலோவில் எங்கள் இழை ஏறியது.

ஒட்டுகிற வேலை மூன்று நாள் நடந்தது. மில்லில் மேஸ்திரியாக இருந்த மாரியப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டார், "ஏனுங்க சார், இத்தன டன்னு சோளமும் இந்த மசுர நம்பியா நிக்கோணும்?" செங்கோட்டையன் கீழே நின்று சிரித்தார். "உன்னைய நம்பி நிக்கறதுக்கு அது தேவலைடா" என்றார்.

இப்போது அந்தப் பசைத் துளிக்கு வருகிறேன். வெயில் பட்டாலும் நிறம் நகரும், மேடம். சூடானால் கண்ணாடி விரிகிறது. ஏப்ரல் மாதத்து நாமக்கல் வெயிலில், ஒன்றுமே நடக்காத ஒரு காலும் உடையப்போகிற கால் மாதிரிதான் காட்டும். அதற்காக ஒவ்வொரு காலிலும் இரண்டு கிரேட்டிங் வைப்போம். ஒன்றை இரும்போடு இறுக ஒட்டுவோம். இன்னொன்றை ஒரு சின்னக் குழாய்க்குள் எங்கேயும் ஒட்டாமல் சும்மா விட்டுவைப்போம். சும்மா இருப்பதற்கு வெயில் மட்டும்தான் தெரியும், பாரம் தெரியாது. ஒட்டியதிலிருந்து சும்மா இருப்பதைக் கழித்தால் மிஞ்சுவது பாரம். இந்தத் துறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வார்கள்.

மூன்றாவது காலில் ஒட்டும்போது மறுநாள் வழிகாட்டி வந்து பார்ப்பதாக இருந்தார். நவநீதன் அவசரப்பட்டான். அவன் பசை வைத்தான், நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி குழாய்க்குள் வழிந்து உள்ளே இறுகிவிட்டது. அப்போது இருவருமே கவனிக்கவில்லை. சும்மா இருக்க வேண்டியதும் காலோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கால் எவ்வளவு வளைந்தாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போதும் பூஜ்யம். திரையில் எப்போதும் பச்சை.

இதை நான் கண்டுபிடித்தது மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கழிப்பதற்கு முந்தைய அளவுகளைப் பார்ப்பது என் பழக்கம். நவநீதன் திரையை மட்டும்தான் பார்ப்பான். சோளம் ஏற்றிய நேரத்தில் மூன்றாவது காலின் வெயில் அளவு மட்டும் நகர்ந்திருந்தது. மற்ற ஐந்தும் அசையவில்லை. சோளம் கொட்டினால் ஒரே ஒரு காலுக்கு மட்டும் வெயில் அடிக்காது. பக்கத்துக் காலின் வெயில் அளவை எடுத்து அதிலிருந்து கழித்துப் பார்த்தேன். கால் வளைந்துகொண்டிருந்தது. பாதிப் பாரத்துக்கு இன்னும் தாங்கும். முழுப் பாரம் ஏற்றினால் தாங்காது.

அன்றைக்கே பையில் ஒரு பிளேடும் புதுக் குழாயும் புதிதாக எழுதிய ஒரு கிரேட்டிங்கும் எடுத்துக்கொண்டு ஜேடர்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். இதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நான் சரிசெய்யத்தான் போனேன். நவநீதன் ஊரில் இல்லை, ஏதோ கருத்தரங்கு என்று கோயம்புத்தூர் போயிருந்தான். ஏணி வைத்து ஏறி, குழாயை வெளிச்சத்தில் பார்த்தேன். துளி இருந்தது. தேன் நிறத்தில், அரிசியைவிடச் சிறியதாக. பிளேடைப் பிரித்தேன். அப்போது செங்கோட்டையன் கீழே வந்து நின்று, சாப்பிட்டுவிட்டு மீதி வேலையைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் மறுக்க முடியாது.

அவர்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, புதிதாக ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருந்தது. செங்கோட்டையன் என்னைக் கையைப் பிடித்து அதன் முன்னால் நிறுத்தினார். காப்புரிமைச் சான்றிதழ். கண்ணாடி இழை கிரேட்டிங்கும் ஃபைபர் லேசரும் கொண்டு இரும்புக் கட்டுமானங்களின் பாரத்தை அளக்கும் முறை. இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று நவநீதகிருஷ்ணன். இன்னொன்று எங்கள் வழிகாட்டி. விண்ணப்பித்த தேதியும் இருந்தது. என் லேசர் முதன்முதலாக எரிந்த நாளிலிருந்து சரியாக ஒன்பதாவது நாள். அந்த ஒன்பது நாளும் என் நோட்டு அவனிடம் இருந்தது. என் கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி இருப்பதாகவும், அழகாக எழுதித் தருவதாகவும் சொல்லி வாங்கிப்போயிருந்தான்.

செங்கோட்டையன் தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். இங்கிலீஷ் தெரியாது.

"எம்பையன் பேரு இதுன்னு அவனே காட்டிப்போட்டான்" என்றார். "உங்க பேரு இதுல எதுங்க சாமி?"

நான் வழிகாட்டியின் பெயர்மேல் விரலை வைத்தேன். "இதுங்கப்பா."

அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியால் அந்தப் பெயருக்கு மேலிருந்த தூசியைத் துடைத்தார். "அவனுதைவிட நீளமா இருக்குதே" என்றார். சமையலறையிலிருந்து ராமாயம்மா, "பேரு நீளமா இருந்தா வவுறு ரொம்பிருமா? வந்து உக்காருங்க சாமி, ஆறிப்போவுது" என்றார். நான் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். இரண்டாவது தடவை கேட்டும் வாங்கிக்கொண்டேன். கை கழுவியதும், மீதி வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏணி சைலோவில் சாய்த்தபடியே இருந்தது. அதை மாரியப்பன் எடுத்து வைத்திருப்பார்.

நான் கோபப்பட்டதாக நினைத்துவிடாதீர்கள். கோபம் வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். பஸ்ஸில் வரும்போது, விரலில் அந்தச் சாப்பாட்டின் வாசனை அப்படியே இருந்தது. காரம் குறைத்த குழம்பு. மூன்று வருடமாக அந்தக் காகிதம் எங்கெங்கோ அலுவலகங்களில் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த மூன்று வருடமும் திங்கள்கிழமைதோறும் அவன் எனக்குக் கேரியர் கொண்டுவந்திருக்கிறான். எந்தத் திங்கள்கிழமை அவன் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தெரியவில்லை.

அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அடுத்த வாரம் அறையில் இழை ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாகக் கேட்பது மாதிரி, "நம்ம லேசருக்கு பேட்டண்ட் போட்டா என்னடா?" என்று கேட்டேன்.

அவன் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போடலாம் மாப்ள. அதுக்கென்ன அவசரம். மொதல்ல தீசிஸ முடிப்போம்" என்றான். குரல் வழக்கம்போல இருந்தது. எனக்குப் பிடித்த குரல். அன்று அவன் போட்ட ஒட்டு வாகாக வரவில்லை, நான்தான் மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு நான் யோசித்தது நியாயமானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த முறையைக் கண்டுபிடித்தவன் அவன் என்று அரசாங்கமே முத்திரை போட்டிருக்கிறது. கண்டுபிடித்தவனுக்குத் தன் கருவியின் பழுது தெரிய வேண்டும். கழிப்பதற்கு முந்தைய அளவுகள் அவன் கம்ப்யூட்டரிலும் இருந்தன, திறந்து பார்க்க அரை நிமிடம் ஆகும். நான் மறைக்கவில்லை, அழிக்கவில்லை, ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. ஆறு வாரம் காத்திருந்தேன். அவன் பார்த்துவிட்டு ஓடிவந்து, "சேவி, மூணாவது காலு ஏமாத்துதுடா" என்று சொல்லியிருந்தால், அந்தச் சட்டத்தில் அவன் பெயர் இருப்பதை நான் ஒப்புக்கொண்டிருப்பேன். உண்மையாகவே ஒப்புக்கொண்டிருப்பேன். அவன் ஒரு நாளும் திறக்கவில்லை.

செங்கோட்டையன் விஷயம் வேறு. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது, உங்கள் அறிக்கையில் அது வரவில்லை. மில் அலுவலகத்தில் நவநீதன் பெரிய திரை வைத்துக் கொடுத்திருந்தாலும், ஒவ்வொரு தடவை சோளம் ஏற்றுவதற்கு முன்னாலும் அவர் எனக்குப் போன் செய்து கேட்பார். நான் ஏற்றலாம் என்று சொன்ன பிறகுதான் மோட்டாரைப் போடச் சொல்வார். மகனைக் கேட்க மாட்டார். இதில் நவநீதனுக்கு வருத்தம் இருந்தது. ஒருநாள் என் முன்னாலேயே அவரிடம், "என்னையவிட இவனத்தான் நம்பறீங்களா?" என்று கேட்டான். அவர், "நீ பேசிப்போட்டுப் பாக்கற. அவரு பாத்துப்போட்டுப் பேசறாரு" என்றார். அந்த ஆறு வாரத்தில் மூன்று தடவை கேட்டார். மூன்றும் பாதிப் பாரம். ஏற்றலாம் என்றேன். தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். தாங்கவும் செய்தது. அப்படியானால் மூன்று தடவையும் நான் சொன்னது உண்மைதான்.

நான்காவது தடவை ஏப்ரல் இருபத்தெட்டு. அன்றைக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து பண்ணைக்காரர்கள் பத்துப் பேர் கருவியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. நவநீதன் ஒரு வாரமாக அதே வேலையாக இருந்தான். என்னையும் வரச் சொன்னான். "நீயில்லாம எப்பிடிடா, ஏதாச்சும் ஒயரு கழண்டா யாரு மாட்டறது?" என்றான். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன், அளவு எல்லாம் இங்கேயும் வருகிறது, கவலைப்படாதே என்றேன்.

காலை எட்டு மணிக்குச் செங்கோட்டையன் கூப்பிட்டார்.

"ஏனுங்க சாமி, இன்னைக்கி முழுசா ஏத்திக் காட்டோணுங்கறான். ஏத்தலாமுங்களா?"

"ஸ்கிரீன்ல பச்சைதாம்ப்பா காட்டுது."

"ஸ்கிரீனு இங்கயுந்தான் இருக்குது. பச்சையா செவப்பான்னு மாரியப்பனே சொல்லிப்போடுவான். நீங்க சொல்லுங்க."

அவர் அவசரப்படுத்தவில்லை. போனில் பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏத்துங்கப்பா" என்றேன்.

"அவ்வளவுதான். காச்சல்னு பையன் சொன்னான். கஞ்சி குடிச்சுப்போட்டுப் படுங்க சாமி."

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். கால் மெதுவாக வளையும், சைலோ ஒரு பக்கம் சாயும், பத்துப் பண்ணைக்காரர்கள் கண்ணால் பார்ப்பார்கள், திரையில் மட்டும் பச்சை எரிந்துகொண்டிருக்கும். இதுதான் இருந்தது. விழும் என்று நான் நினைக்கவில்லை. ஆள் யாரும் அடியில் இருப்பார்கள் என்றும் நினைக்கவில்லை. சோளம் ஏறும்போது யாரும் அடியில் போகக்கூடாது என்று செங்கோட்டையனே சட்டம் போட்டிருந்தார். ஆனால் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கன்வேயரின் மூடி சரியாக மூடவில்லை, தவிடு புழுதி பறக்கிறது, வந்தவர்கள் மேல் படும் என்று அவரே குழிக்குள் இறங்கியிருக்கிறார். அப்படித்தான் மாரியப்பன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு மூன்றாவது காலின் இரண்டு அளவும் ஒன்றாகத் தாவி அணைந்தன. அதன் பின்னால் நான்கு, இரண்டு, ஐந்து. பிறகு ஒன்று. ஒரு விநாடி வித்தியாசத்தில். ஆறாவது மட்டும் இருந்தது. அது வடக்குப் பக்கத்துக் கால், குழியின் ஓரத்தில் நிற்பது. என் லேசர் எரிந்துகொண்டே இருந்தது. மில்லின் எடைமேடை அறையில் பேட்டரியோடு வைத்த பெட்டி அது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது காலின் கோடு கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு நேராக நின்றது.

பிறகு அதில் சின்னதாக மூன்று முட்கள் வந்தன. ஒரு இடைவெளி. மறுபடி மூன்று.

முதலில் சாலையில் போகும் லாரி என்று நினைத்தேன், பழக்கதோஷம். லாரி மூன்று மூன்றாகப் போகாது. யாரோ அந்தக் காலை எதாலோ தட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லாக இருக்கலாம், ஸ்பேனராக இருக்கலாம். காலின் அடிப்பக்கத்திலிருந்து தட்டுகிறார்கள் என்பது முள்ளின் வடிவத்திலேயே தெரிந்தது.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு நவநீதன் கூப்பிட்டான். அவன் குரலை அடையாளம் கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"சேவி, அப்பா உள்ள மாட்டிக்கிட்டாருடா. எந்தப் பக்கம்னு தெரியல. தெக்கால துண்டு கெடந்துச்சு, அங்கதான் சோளத்த வாரிக்கிட்டிருக்கோம். ரீடிங்ல ஏதாச்சும் தெரியுதா பாருடா."

"கனெக்சன் போயிருச்சுடா. ஒண்ணும் வரல."

"நல்லாப் பாருடா. உன்னைய விட்டா இது யாருக்குடா தெரியும்."

ஆறு வருடத்தில் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான்கு நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டான். அதையே சொன்னான், இன்னும் நன்றாகச் சொன்னான். அது உன் லேசர்தானே, நீதானே செய்தாய், உனக்குத் தெரியாமல் இருக்குமா என்றான். அழுதுகொண்டே சொன்னான். நானும் முதல் தடவை சொன்னதையே சொன்னேன். மொத்தம் மூன்று தடவை கூப்பிட்டான். உங்களிடம் இருக்கிற போன் பட்டியலில் அந்த மூன்றும் இருக்கும். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

வடக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் எடுத்திருப்பார்கள். அன்று சாயங்காலமே எல்லா இடத்திலும் செய்தி வந்திருக்கும்: மகன் கண்டுபிடித்த கருவி அப்பாவைக் காப்பாற்றியது என்று. சட்டத்துக்குப் பக்கத்தில் அதையும் வெட்டி ஒட்டி மாட்டியிருப்பார்கள். அதில் என் பெயர் எது என்று அவர் மறுபடி என்னைத்தான் கேட்டிருப்பார். இன்னொரு தடவை வேறொருவர் பெயர்மேல் விரல் வைக்க என்னால் முடியாது, மேடம். மனிதனுக்கு அதற்கெல்லாம் ஒரு அளவு இருக்கிறது.

இந்தப் பென் டிரைவில் அந்தப் பதிவு இருக்கிறது. பதினொன்று நாற்பத்திரண்டிலிருந்து பன்னிரண்டு ஒன்பது வரை. இருபத்தேழு நிமிடம். எங்கள் கருவி என்ன தரத்தில் வேலை செய்தது என்று நிபுணர் யாரிடமாவது கொடுத்துக் கேளுங்கள். அவ்வளவு சுத்தமான அளவை நாங்கள் ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட எடுத்ததில்லை. ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாகத் தெரியும். எந்தத் தட்டலில் கை சோர்ந்தது, எதில் மறுபடி தெம்பு வந்தது என்பதுகூட. நான்காம் பக்கத்தில் "கருவி தவறியது" என்பதை அடித்துவிட்டு, கருவி கடைசிவரை சரியாகவே காட்டியது, பார்த்துக்கொண்டிருந்தவன் சொல்லவில்லை என்று எழுதிவிடுங்கள். நவநீதன் மேல் வழக்கு வருமா வராதா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. பசை அவன் வைத்ததுதான்.

இன்னும் ஒன்று. இது அறிக்கையில் வர வேண்டியதில்லை, ராமாயம்மாவைப் பார்த்தால் நேரில் சொல்லுங்கள். செங்கோட்டையனைப் புதைத்த அன்று நான் போயிருந்தேன். கடைசி நேரத்தில் அவர் தனியாகக் கிடந்தாரே, ஒரு ஆள் பக்கத்தில் இல்லையே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அங்கே சொல்ல வாய் வரவில்லை. அவர் தனியாக இல்லை. அவர் தட்டியபோதெல்லாம் நானும் இங்கே மேசையில் விரலால் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டலைக்கூட விடவில்லை. பெற்ற மகன் தெற்கே தோண்டிக்கொண்டிருந்தான். கடைசிவரை அவர் கூடவே இருந்தவன் நான்தான்.